அவிழ்க்காத மடிப்பு

தர்மபுரம்
2025 மார்ச் 4

பிரேமிளாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் உமக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஏழு வருசமாய் முகம் பார்க்காமல் இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று என் தம்பி சிவகரனிடம் கேட்பீர். அவனுக்கும் தெரியாது. நானே சொல்கிறேன்.

போனில் கதைக்கலாம்தான். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போன் எந்நேரமும் மகள் கம்சிகாவின் கையில். உரத்துக் கதைக்கவும் முடியாது. இது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, ஒரு அறையில் தும்மினால் மற்ற அறையில் இருப்பவர் "நூறு" என்பார். அதோடு நானும் நீரும் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் சத்தம் வரும். அதனால்தான் வவுனியாவுக்கு மரக்கறி ஏற்றுகிற மதுசனின் வான் வண்டியில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவனிடமே கொடும்.

விசயம் பிள்ளையைப் பற்றியது. கம்சிகா பெரியபிள்ளையாகிவிட்டாள். ஏழு வயது, தரம் மூன்று! ஞாயிறு காலை இரத்தம் கண்டேன். தீபாவளிக்குப் பிறகே நெஞ்சு கொஞ்சம் பொங்கியிருந்தது. சூட்டுக் கட்டி என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பூசினேன். பக்கத்து வீட்டுக் கமலாசனி அக்கா "எல்லாம் புறொயிலர் கோழி செய்யிற வேலை" என்கிறா. நாங்கள் கோழி தின்பதே எப்போதாவதுதான்.

பெரியபிள்ளையைக் குளிக்கவார்க்கிற கண்ட தண்ணியை மாமிதான் வார்க்கவேண்டும். என் மனுசன் நிரோஜனுக்குப் பொம்பிளைச் சகோதரம் இல்லை. எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு மனுசி நீர். எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் மாமி என்று நீர் மட்டும்தான். தண்ணி வார்க்கும்வரை பிள்ளையைச் சின்ன அறைக்குள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் இல்லை, முற்றம் இல்லை, தட்டும் கோப்பையும் வேறு.

பிள்ளை தங்கம். அழவில்லை. எப்போதுமே அப்படித்தான், ஓடித்திரியாது, ஒன்றையும் உடைக்காது, சொன்ன இடத்தில் இருக்கும். தரம் ஒன்றில் தைத்த யூனிபோமைத்தான் இன்றைக்கும் போடுகிறாள். மற்றத் தாய்மார் வருசத்துக்கு ஒரு முறை கீழ் மடிப்பை அவிழ்த்து அல்லாடுகிறார்கள். எனக்கு அந்த அலுப்பே இல்லை. அப்படி ஒரு பிள்ளைக்கு இந்த வயதில் இது வந்ததை நினைக்க நெஞ்சு எரிகிறது.

வந்து வார்த்துவிட்டுப் போம். இருந்து கதைக்கவேண்டும் என்றில்லை.

ஜெயரூபி

*

வவுனியா
2025 மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஊரில் மச்சாள் என்பார்கள். எங்கள் பக்கம் புருஷனின் அக்கா அண்ணிதான். நீங்கள் இரண்டையுமே விரும்பமாட்டீர்கள், ஆனாலும் எனக்குப் பழகியதை எழுதுகிறேன்.

சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. கம்சிகா பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நான் ஒரு தங்கக் காப்போடு வந்தேன். கையில் போடப்போனபோது பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். "மாமி முறைக்கு எங்கட ஆக்கள் இருக்கினம்" என்று குசினியில் நீங்கள் சொன்னது முற்றத்தில் நின்ற என் அப்பா மாயாண்டிக்கும் கேட்டது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்றால் காது கேட்காது என்று நினைத்தீர்களோ? அன்று நான் மாமி இல்லை. இன்று தண்ணீர் ஊற்ற மட்டும் மாமியா?

சரி, அது என் வயிற்றெரிச்சல். பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணி, நான் வரமாட்டேன். காரணம் காப்பு இல்லை. நான் வந்து ஊற்றினால், எல்லாம் முறையாக முடிந்தது என்று நீங்கள் டொக்டரிடம் போகமாட்டீர்கள். எட்டு வயதுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளைக்கு நெஞ்சு வளர்ந்தால் அதைப் பார்த்தே ஆகவேண்டும். மூளைக்கு அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பருவம் வரும்போது அதுதான் சூல்பையை எழுப்புகிற ஹோர்மோன்களை விடும். அது நேரத்தோடு விழித்துவிட்டதா, இல்லை வேறு எங்கிருந்தோ கட்டளை போகிறதா என்று கேட்கவேண்டும். அதற்கு இரத்தம் எடுப்பார்கள், வயிற்றை ஸ்கான் பண்ணுவார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். இரத்தத்தில் அளப்பதுதான் இங்கே ஆய்வுகூடத்தில் என் வேலை. அளந்து சொல்லத் தெரியும். ஏன் என்று சொல்கிறவர் டொக்டர்.

எனக்குச் சில கேள்விகள். ரோமம் வந்திருக்கிறதா? வியர்வையில் பெரியவர்களின் மணம் இருக்கிறதா? வெள்ளையாக்குகிற கிறீம், யாரோ கொடுத்த குளிசை ஏதும்? அதோடு, இப்படி வயதுக்கு முந்தி வெள்ளெனப் பருவம் வரும் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர்வார்கள். வகுப்பிலேயே உயரமாக நிற்பார்கள், பிறகு வெள்ளெனவே நின்றும்போவார்கள். அதனால் நாள் கடத்தாதீர்கள்.

கோழியை விடுங்கள். கமலாசனி அக்காவையும்.

பிரேமிளா

*

தர்மபுரம்
2025 மார்ச் 7

பிரேமிளாவுக்கு,

நல்லாய்ப் படிப்பித்தீர். நன்றி. வருவீரா என்று ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்கு நீர் ஒரு பாடப்புத்தகமே அனுப்பியிருக்கிறீர். காரணம் காப்பு இல்லையாம்! ஒரு பக்கம் முழுக்கக் காப்பைப் பற்றி எழுதிவிட்டு அப்படிச் சொல்ல உமக்குத்தான் முடியும்.

பழிவாங்குகிறதென்றால் என்னை வாங்கும். உள்ளே இருக்கிறது பிள்ளை. நீர் வராத ஒவ்வொரு நாளும் அவள் அந்த அறைக்குள்தான். இன்று காலை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறாள், "அம்மா, மாமிக்கு இன்னும் வேலை முடியேல்லையோ?" என்று. நான் என்ன சொல்ல? "ஓம், அவா பெரிய வேலைக்காரி" என்றேன்.

உம்முடைய கேள்விகளுக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. ரோமம் இல்லை. மணம் இல்லை, வியர்க்கிறதே குறைவு. இந்த வெயிலுக்குள்ளும் குளிருது என்று சுவெற்றர் போடுகிறாள். கிறீம் ஒன்றும் கிடையாது, தேங்காயெண்ணெய் மட்டும்தான். தோல் வரண்டு சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறது என்று அதையும் கூடப் பூசுகிறேன். வெளிக்குப் போவதும் மூன்று நாளைக்கு ஒருக்கால்.

உயரமாம்! நீர் எந்தப் பிள்ளையைப் பற்றி எழுதினீரோ தெரியாது. காலைக் கூட்டத்தில் என்ர பிள்ளைதான் வரிசையின் முதலாவது ஆள். அவளைவிடக் கட்டை அந்த வகுப்பில் ஒருத்தரும் இல்லை. தரம் ஒன்றுப் பிள்ளைகள் அவளைத் தங்கள் வகுப்பு என்று நினைத்துக் கூட்டிக்கொண்டு போனதும் நடந்தது. அது உம்முடைய புத்தகத்தில் இல்லையாக்கும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கையைப் படம் பிடித்தால் வயது எப்படித் தெரியும்? பிறந்த திகதியைச் சொன்னால் காணாதா?

ஜெயரூபி

*

வவுனியா
2025 மார்ச் 8

அண்ணி,

மதுசன் வானை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

நான் வரவில்லை என்பதற்காகப் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். கோபத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஆனால் இன்னொரு வரியையும் தாண்டிவிட்டேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். தரம் ஒன்றில் தைத்த யூனிபோம், மடிப்பை அவிழ்க்கவே இல்லை. அண்ணி, அது பிள்ளை உடுப்பைக் கவனமாக வைத்திருப்பதால் இல்லை. அவள் வளரவில்லை! இரண்டு வருசமாய் வளரவில்லை. நெஞ்சு வளர்கிறது, இரத்தம் போகிறது, ஆனால் ஆள் வளரவில்லை. நான் நினைத்த விசயத்துக்கு இது நேர் எதிர். எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. இரவு முழுக்க சிவகரனை அரித்துக்கொண்டிருந்தேன். "உந்த ஆராய்ச்சியை அக்காவோட நடத்து, என்னை நித்திரை கொள்ளவிடு" என்றார்.

கையைக் கேட்டீர்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்பு உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்து, எக்ஸ்ரேயில் தெரியாது. வளர வளர ஒவ்வொன்றாகத் தெரியவரும். எத்தனை தெரிகிறது, விரல் எலும்புகளின் முனை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்து உடம்பு எத்தனை வயது நடக்கிறது என்பார்கள். பிறந்த திகதி ஒன்றைச் சொல்லும், உடம்பு வேறொன்றைச் சொல்லலாம். அந்த வித்தியாசம்தான் டொக்டருக்கு வேண்டும்.

நாளைக்கு வருகிறேன். ஊற்றுகிறேன். ஆனால் பட்டுப் பாவாடை வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். திங்கள் விடிய நாம் மூவரும் கிளிநொச்சியில் பிள்ளைகள் டொக்டரிடம் போகிறோம். முடியாது என்றால் இப்போதே மதுசனிடம் சொல்லி அனுப்புங்கள், நான் பஸ் ஏறமாட்டேன்.

பிரேமிளா

*

தர்மபுரம்
2025 மார்ச் 19

பிரேமிளாவுக்கு,

நீர் போனபிறகு வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணியை எடுத்துப் பிள்ளையின் தலையில் ஊற்றிக்கொண்டே வேலிக்கு மேலால் கமலாசனி அக்காவுக்கு "இது சும்மா குளிப்பு, அக்கா" என்று நீர் சொன்னதற்கு எனக்கு முதுகு கூசிப்போனது. சும்மா குளிப்பென்றால் வவுனியாவிலிருந்து வந்து குளிக்கவார்க்க வேணுமோ? அவா இப்போது ஊருக்கெல்லாம் கதை காவுகிறா. "தண்ணி வார்த்தாச்சு, சாமத்திய வீடு எப்ப?" என்று வாசல் படலையிலேயே கேட்கிறா. என் மனுசனும் விசரன்மாதிரி அந்தச் சடங்குக்குப் புதுக்குடியிருப்பில் மண்டபம் ஒன்று கேட்டு வைத்துவிட்டார். சித்திரை கடைசியாம்.

ஆனால் அந்த எக்ஸ்ரே. நான் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே இருக்கிறேன். டொக்டர் புத்தகத்தைத் திறந்து பிள்ளையின் கையை அதிலிருக்கிற கைகளோடு ஒப்பிட்டுக்கொண்டு போனார் அல்லவா? நான் ஏழு வயதுக் கையில் நிற்பார் என்று பார்த்தேன். ஆறைத் தாண்டினார், ஐந்தையும் தாண்டினார், நாலு வயதுக் கையில் நின்றார். நீரும் வாயைத் திறந்துகொண்டு நின்றீர், நான் கண்டேன்.

ஏழு வயதுப் பிள்ளை. நாலு வயது எலும்பு. பதின்மூன்று வயதுக்காரிக்கு வருகிற இரத்தம். இதில் எது என்ர பிள்ளை?

இரவு இவரிடம் கேட்டேன். "தண்ணி காணாத வயலில் நெல்லு வளராமல் கட்டையாய் நிண்டு கதிர் தள்ளினால் என்ன செய்வியள்? விளைஞ்சிட்டுது எண்டு அரிவி வெட்டுவியளோ?" என்று. "வாய்க்காலைப் போய்ப் பார்ப்பன்" என்றார். "அப்ப ஏன் மண்டபம் பாத்தனியள்?" என்றேன். மனுசன் எழும்பிப் போய்ப் படலையில் நின்றார்.

டொக்டர் எடுத்துத் தந்த இரத்தத்தை நீர்தானே உம்முடைய ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனீர். இன்னும் வரவில்லையா? கழுத்தை ஏன் தடவித் தடவிப் பார்த்தார்? எனக்குப் பயமாய் இருக்கிறது. பயத்தை வேறு ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. என்னவென்றாலும் ஒளிக்காமல் எழுதும்.

ஜெயரூபி

*

வவுனியா
2025 மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

பயப்படாதீர்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முடிவை டொக்டருக்குப் போனில் வாசித்தேன். அவர் சொல்லச்சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

நான் சந்தேகப்பட்ட ஹோர்மோன், அதாவது மூளை பருவத்தைத் தொடங்கும்போது கூடுவது, கம்சிகாவுக்குச் சின்னப்பிள்ளையின் அளவிலேயே இருக்கிறது. உறங்கிக்கொண்டிருக்கிறது. மூளை இன்னும் பருவத்தைத் தொடங்கவில்லை, அண்ணி.

பிறகு தைரொயிட்டைப் பார்த்தேன். கழுத்தில் இருக்கிற சுரப்பி அது. அதை வேலை செய்யச் சொல்லி மூளை விடுகிற ஹோர்மோன் அளவு மீறி, இயந்திரமே எல்லைக்கு மேல் என்று நின்றுவிட்டது. என் கை பிசகிவிட்டதென்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான்.

கழுத்துச் சுரப்பி சோம்பிப் படுத்துவிட்டது. அதனால்தான் வளர்த்தி இல்லை, குளிர், வரண்ட தோல், மலச்சிக்கல், ஓடித்திரியாத குணம் எல்லாம். அதை எழுப்ப மூளை கத்துகிறது. பல மாதமாய்க் கத்தியிருக்கவேண்டும். அந்தச் சத்தம் சூல்பைக்கும் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது எழும்பிவிட்டது. ஸ்கானில் சூல்பையில் கண்ட கட்டிகளும் அதனால்தான். அரிதாக இப்படி நடக்கும் என்று டொக்டர் சொன்னார். அவரே ஒரு பிள்ளையில்தான் முன்னம் கண்டவராம்.

மருந்து ஒரு சின்னக் குளிசை. காலையில் வெறும் வயிற்றில், தினமும், அநேகமாக எப்போதும். தைரொயிட் கிடைத்துவிட்டால் மூளை கத்துவதை நிறுத்தும். கத்தல் நின்றால் மற்றதும் அடங்கும், இரத்தம் நிற்கும், நெஞ்சு தணியும், பிள்ளை வளரும்.

என் முதல் ஊகம் முழுப் பிழை. சிவகரனோடு பந்தயம் பிடித்துத் தோற்றுவிட்டேன், ஒரு கிழமைக்குச் சமையல் நான்தான். கழுத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. உங்கள் மடிப்புக் கதை இல்லாவிட்டால் டொக்டரிடம் உயரத்தைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டேன்.

மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தயவுசெய்து.

பிரேமிளா

*

தர்மபுரம்
2025 யூன் 15

பிரேமிளாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, நேரம் இல்லை. நீர் தந்த குளிசையால் எனக்கு இருந்து எழும்ப நேரம் இல்லை!

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. உம்மைத் திட்டினேன். இரண்டாம் மாதம் சுவெற்றரைக் கழற்றி எறிந்தாள். இப்போது கொய்யா மரத்தில் ஏறுகிறாள். என் இரண்டு கண்ணாடிக் கோப்பையை உடைத்தாள். பள்ளிக்கூடத்தில் பின்வரிசை வாங்கில் இருந்து கதைக்கிறாள் என்று ரீச்சர் முறைப்பாடு. அமைதியான பிள்ளை, தங்கமான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தது அவளின் உடம்பு வருத்தத்தையா, பிரேமிளா? பிள்ளை குளிரில் விறைத்துப்போய் இருந்திருக்கிறாள், நான் அதைக் குணம் என்று கொண்டாடியிருக்கிறேன். நினைத்தால் குசினிக்குள் போய் நின்று அழுகிறேன். வெளியே வந்தால் அவள் வேறு எதையோ உடைத்திருக்கிறாள்.

இரத்தம் அதன்பிறகு வரவில்லை. நெஞ்சும் தணிந்துகொண்டு வருகிறது. மண்டபத்தை இவர் அன்றைக்கே விட்டுவிட்டார்.

போன கிழமை வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சனத்துக்குள் கமலாசனி அக்கா பிடித்துக்கொண்டா. "பெரியபிள்ளையை உப்பிடிக் கால் தெரிய ஓடவிடுறதே?" என்று கேட்டா. நான் வாய் திறக்கமுதல் இவர், "அவள் சின்னப்பிள்ளை, அக்கா. டொக்டர் அளந்து பாத்துச் சொன்னவர்" என்றார். "தண்ணி வார்த்ததல்லோ?" என்றா. "குளிக்கவார்த்தது. இவளின்ர மச்சாள்காரி அண்டைக்கே சொன்னவா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர் அன்று வேலிக்கு மேலால் சொன்னது இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கிளினிக்குக்கு மறுபடி இரத்தம் கேட்கிறார்கள். அனுப்புகிறேன். நீரே அளவும், வேறு ஆளிடம் கொடுக்காதையும்.

ஜெயரூபி

*

வவுனியா
2025 யூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நானே அளந்தேன். ஒருமுறை போதும் என்ற இடத்தில் இரண்டு முறை. இயந்திரம் இந்தமுறை அமைதியாக எண்ணைச் சொன்னது. முழுதாக இறங்கவில்லை, ஆனால் கத்தல் பேச்சாகிவிட்டது. குளிசையின் அளவை டொக்டர் கொஞ்சம் கூட்டுவார் என்று நினைக்கிறேன்.

குசினிக்குள் நின்று அழுததை எழுதியிருந்தீர்கள். கம்சிகா பிறந்த நாளிலிருந்து கூட இருக்கிற உங்களுக்கும் தெரியவில்லை, தினமும் ஹோர்மோன் அளக்கிற எனக்கும் தெரியவில்லை. மெதுவாக நிற்கிற ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

ஒன்று கேட்கலாமா? அவளுக்கு இதெல்லாம் எப்படி விளங்கியிருக்கிறது? அறைக்குள் வைத்தோம், தண்ணீர் ஊற்றினோம், கையைப் படம் பிடித்தோம், பிறகு ஒன்றுமில்லை என்றோம். இரத்தத்தில் அதை அளக்க எனக்கு வழி தெரியவில்லை.

கொய்யா அனுப்பியதற்கு நன்றி. பாதி அணில் கடித்தது. மீதி கம்சிகா கடித்ததென்று நினைக்கிறேன், பல் சின்னதாக இருந்தது.

பிரேமிளா

*

தர்மபுரம்
2025 ஒக்ரோபர் 12

அன்புள்ள மச்சாள்,

நேற்று யூனிபோமின் மடிப்பை அவிழ்த்தேன்.

மூன்று வருசம் மடிந்து கிடந்த இடம் புதுத் துணிமாதிரிப் பளீரென்று இருந்தது, மற்றதெல்லாம் பழுப்பு. போட்டுப் பார்த்தால் காலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. மற்றத் தாய்மாரின் அலுப்பு எனக்கும் வந்துவிட்டது. நான் தையல் மெசினில் தலையைக் கவிழ்த்து அழுததைக் கண்டு "கிழிஞ்சு போச்சோ, அம்மா?" என்று அவள் பயந்துவிட்டாள்.

நீர் கேட்ட கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. எனக்கே தெரியாமல் இருந்தது. நேற்று அந்தச் சட்டையோடு நிற்கும்போது அவளே கேட்டாள். "அம்மா, நான் பெரியபிள்ளையோ, சின்னப்பிள்ளையோ?"

"சின்னப்பிள்ளை" என்றேன்.

"அப்ப ஏன் மாமி தண்ணி வார்த்தவா?"

பொய் சொல்லி முடிந்தது போதும் என்று இருந்தது. "அம்மா பிழையாய் நினைச்சிட்டன். உன்ர உடம்புக்கு வருத்தம், அது எனக்கு விளங்கேல்லை. மாமிதான் வாங்கோ டொக்டரிட்டப் போவம் எண்டவா" என்றேன்.

"அப்ப உண்மையாப் பெரியபிள்ளை ஆகேக்கை, மாமி இன்னொருக்கா வருவாவோ?" என்று கேட்டாள். அறைக்குள் வைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீர் வருவீரா என்பதுதான் அவளுக்குக் கவலை. அன்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதும் அதுதானே.

ஓம் என்று சொல்லிவிட்டேன், மச்சாள். உம்மைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். ஐந்து வருசமோ ஆறு வருசமோ, எப்போது என்று அவளின் உடம்புக்குத்தான் தெரியும். அன்றைக்கு நீர்தான் வார்க்கவேண்டும். மாமி முறைக்கு எங்களுக்கு வேறு ஆள் இல்லை, இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். விதைப்புத் தொடங்கமுதல் வருகிற சனிக்கிழமை தம்பியோடு வாரும். அந்தக் காப்பை இன்னும் வைத்திருந்தால் கொண்டுவாரும். அது இப்போது கையில் ஏறாது, அழித்துப் பெரிதாய்ச் செய்விக்கலாம். கையளவு நீரே எடுக்கவேண்டும், எனக்கு அளக்கத் தெரியாது என்று ஊருக்கே தெரியும். கொஞ்சம் தளரவே எடும். பிள்ளை வளருது.

ஜெயரூபி